கல்லாகிப் போன கழுதைக்குட்டி – வாசகர் கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரர்களைப் பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையில் வில்லியம் ஸ்டைக்கை ஒரே வரியில் கடந்து சென்றிருந்தீர்கள். “அறுபது வயதில் குழந்தைகளுக்கு எழுதத் தொடங்கியவர்” என்பது அந்த வரி. பேரனுடன் உட்கார்ந்து ‘ஷ்ரெக்’ படத்தைப் பலமுறை பார்த்திருந்தும், அதன் மூலக்கதை அவருடையது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு அவருடைய படநூல்கள் இரண்டைத் தேடி வாங்கிப் படித்தேன்.

நான் சென்னையில் ஒரு வாரப் பத்திரிகைக்கு நெடுங்காலம் கேலிச்சித்திரமும் துணுக்குப் படங்களும் வரைந்தவன். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டேன். பத்திரிகை வேலை நின்றபின், ரேஷன் கடை வரிசையில் வந்து நிற்கும் ஒரு காக்கையைப் பற்றிச் சிறுவர் படக்கதை ஒன்றை எழுதி வரைந்திருக்கிறேன். அதன் பக்கங்களை இத்துடன் அனுப்பியுள்ளேன். அதைப் பார்த்த பதிப்பாளர் ஒருவர் இரண்டு திருத்தங்கள் சொன்னார். கதையின் முடிவில் குழந்தைகளுக்கு ஒரு நீதி வரவேண்டும் என்பது ஒன்று. வரிசையை ஒழுங்குபடுத்தும் காவலரை நான் எருமையாக வரைந்திருப்பதை மாற்ற வேண்டும் என்பது மற்றொன்று. நண்பர்களோ, “மந்திரிகளை வரைந்த கை கடைசியில் காக்கா குருவி வரையப் போய்விட்டதே” என்கிறார்கள்.

ஸ்டைக்கைப் பற்றித் தாங்கள் சற்று விரிவாகச் சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும். அவருக்கு இது ஓய்வுக்காலப் பொழுதுபோக்குதானா? கேலி செய்தே பழகிய மனம் குழந்தைகளுக்கு எழுத ஏற்றதா? நம் நாட்டில் அப்படி யாரேனும் உண்டா? கடைசியாக ஒரு தொழில் சந்தேகம்: படநூலுக்கு முதலில் எழுதுவதா, வரைவதா? என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வாசகன்,
மேற்கு மாம்பலம், சென்னை

*

அன்புள்ள நண்பருக்கு,

ஓய்வுக்காலம் என்று ஒன்று ஸ்டைக்கின் வாழ்க்கையில் இருந்ததாகவே சொல்ல முடியாது. 1930ஆம் ஆண்டு ‘நியூயார்க்கர்’ வார இதழில் அவருடைய முதல் படம் வெளிவந்தது. 2003 அக்டோபரில் தம் 95ஆம் வயதில் பாஸ்டன் நகரில் அவர் இறந்தபோதும் அவ்விதழின் ஓவியர் என்றே அறியப்பட்டார். இடைப்பட்ட காலத்தில் அதற்கு 1,600க்கும் மேற்பட்ட படங்களையும் நூற்றுக்கும் மேற்பட்ட அட்டைகளையும் வரைந்திருந்தார். அவருடைய குழந்தை நூல்கள் இந்த வேலை முடிந்தபின் வந்தவை அல்ல. இதற்கு நடுவே வந்தவை. 1968இல் அவர் கையைவிட்டு உதற விரும்பியது கேலிச்சித்திரத்தை அன்று, விளம்பரப் படங்களை. தாங்கள் கேட்டிருப்பவற்றில் பாதிக்கு விடை இந்த வேறுபாட்டிலேயே இருக்கிறது என்பதால் அவருடைய முன்கதையைக் கொஞ்சம் சொல்கிறேன்.

1907 நவம்பர் 14 அன்று நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்து, பிராங்க்ஸ் பகுதியில் வளர்ந்தவர் அவர். பெற்றோர் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் லெம்பர்க் நகரிலிருந்து, அதாவது இன்றைய உக்ரைனின் லிவிவ் நகரிலிருந்து, குடியேறிய யூதர்கள். தந்தை வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலாளி, தாய் தையல்காரி. இருவரும் சோஷலிஸ்டுகள். பிள்ளைகள் தொழிலாளியானால் முதலாளி அவர்களைச் சுரண்டுவான், முதலாளியானால் அவர்கள் தொழிலாளியைச் சுரண்ட வேண்டிவரும், ஆகவே கலைஞர்களாகிவிடுவதே மேல் என்பது அந்த வீட்டுக் கொள்கை. மகனைப் பொறியியல் கல்லூரியில் சேர்க்காமல் தூங்காத நம் மாம்பலத்து வீடுகளில் இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே நான்கு பிள்ளைகளும் ஓவியத்திலோ எழுத்திலோதான் போய்ச் சேர்ந்தார்கள். வில்லியம் சிட்டி காலேஜில் இரண்டாண்டு இருந்தார். அங்கே அவர் பேர் வாங்கியது நீர்ப்பந்து ஆட்டத்தில். நேஷனல் அகாடமி ஆஃப் டிசைனில் மூன்றாண்டு பயின்றார். யேல் பல்கலைக்கழகத்தின் கலைப்பள்ளியில் ஐந்து நாள்களுக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை.

1929இல் பங்குச்சந்தை சரிந்து அமெரிக்கா பெருமந்தத்தில் விழுந்தபோது தந்தையின் பிழைப்பும் போயிற்று. அண்ணன்மார் ஏற்கெனவே வீட்டைவிட்டுப் போயிருந்தனர், தம்பியோ சிறியவன். எனவே குடும்பம் இருபத்திரண்டு வயது வில்லியத்தின் தலையில் இறங்கியது. கப்பலேறி மாலுமியாகப் போவது, கடற்கரைகளில் நாடோடியாகத் திரிவது என்றெல்லாம் கனவு வைத்திருந்தவர் பத்திரிகை அலுவலகங்களின் படியேறிப் படம் விற்கத் தொடங்கினார். ‘நியூயார்க்கர்’ வாங்கிய முதல் படத்தில் ஒரு சிறைக்கைதி இன்னொரு கைதியிடம் தன் மகனைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்கிறான்: பையன் திருந்தவே மாட்டேன் என்கிறான், என்னால் அவனை ஒன்றும் செய்ய முடியவில்லை என்று. அதற்குக் கிடைத்தது 40 டாலர். முதல் ஆண்டில் சம்பாதித்த 4,500 டாலர் வீட்டைத் தாங்கியது. கேலிச்சித்திரம் அவருக்கு முதலில் அரிசி பருப்பாகத்தான் வந்தது என்பதைத் தாங்கள் மற்ற யாரையும்விட நன்றாகப் புரிந்துகொள்வீர்கள்.

அந்த வேலையிலேயே அவருக்கு ஒரு பக்கவாசல் திறந்தது. முப்பதுகளின் தொடக்கத்தில் ‘ஸ்மால் ஃப்ரை’ என்ற தலைப்பில் தெருப் பொடியன்களை வரிசையாக வரைந்தார். அப்பிள்ளைகள் மழலை பேசும் அழகுப் பொம்மைகள் அல்லர். பெரியவர்களுக்குரிய கர்வம், காதல், அவமானம், பழிவாங்கும் எண்ணம் எல்லாவற்றையும் முழு அளவில் அனுபவிப்பவர்கள். உயரம் ஒன்றுதான் குறைவு. பின்னாளில் அவர் எழுதிய குழந்தை நூல்களில் வரும் எலியும் கழுதையும் பன்றியும் இந்தப் பொடியன்களின் வழிவந்தவைதான். ஆகவே 1968இல் அவர் திடீரென்று குழந்தைகள் பக்கம் திரும்பினார் என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அவர்களைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கி முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அவர்களை நோக்கிப் பேசியதுதான் புதிது.

மற்றொரு வாசலும் உண்டு, அது இருட்டானது. முப்பதுகளின் நடுவிலிருந்து தமக்காகவே சில படங்களை வரைந்துகொண்டிருந்தார். மனத்தின் நிலைகளுக்கு உருவம் கொடுத்த படங்கள் அவை. ‘நியூயார்க்கர்’ ஆசிரியர் ஹெரால்ட் ராஸ் அவற்றை இதழில் போட இசையவில்லை. அவை 1939இலும் 1942இலும் தனி நூல்களாக வெளிவந்தன. 1942இன் நூலான ‘தி லோன்லி ஒன்ஸ்’ அவருக்குப் பெரும்பெயர் வாங்கித் தந்தது. ஒரு பெட்டிக்குள் முடங்கி உட்கார்ந்துகொண்டு, மனுசங்க யாருமே யோக்கியமில்லை என்று உலகத்தை முறைக்கும் ஆளின் படம் அந்த நூலில்தான் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கசப்புப் படங்கள் பிறகு வாழ்த்து அட்டைகளில் ஏறி விற்றன. நாற்பதுகளில் அவர் வில்ஹெல்ம் ரைஷ் என்ற உளவியலாளரிடம் சிகிச்சைக்குச் சென்று அவருடைய தீவிரச் சீடராகவே ஆனார். ரைஷின் நூலொன்றுக்குப் படமும் வரைந்தார். உயிராற்றலைச் சேமிக்கும் என்று ரைஷ் சொன்ன ஒரு பெட்டிக்குள் நாள்தோறும் உட்கார்ந்து எழும் வழக்கத்தை நெடுங்காலம் விடாமல் வைத்திருந்தார். ரைஷின் கோட்பாட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதைப் பற்றி மேலே சொல்ல இங்கே ஒன்றுமில்லை. மனிதனைச் சமூகம் சிறுவயதிலேயே இறுக்கிக் கட்டிவிடுகிறது என்ற எண்ணம் மட்டும் ஸ்டைக்கிடம் கடைசிவரை தங்கியது.

இனி விளம்பரத்துக்கு வருவோம். நான்கு திருமணங்கள், பிள்ளைகள், பெற்றோர் என்று அவரை நம்பியிருந்தவர்கள் பலர். இதழ்ப் படங்களின் வருவாய் போதாமல் ஆண்டுக்கணக்கில் விளம்பர நிறுவனங்களுக்கு வரைந்தார், அதை மனதார வெறுத்தார். அதே இதழில் வரைந்துகொண்டிருந்த ராபர்ட் கிராஸ் என்பவர் விண்ட்மில் புக்ஸ் என்ற சிறுவர் பதிப்பகத்தைத் தொடங்கித் தம் சக ஓவியர்களையெல்லாம் அழைத்தபோது, ஸ்டைக் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டார். 1968இல் இரண்டு நூல்கள் வந்தன. ஒன்று, ஆங்கில எழுத்துகளின் பெயர்களைச் சத்தமாகச் சொன்னால் வாக்கியமாகக் கேட்கும் ஒரு புதிர் நூல். மற்றொன்று ‘ரோலண்ட் தி மின்ஸ்ட்ரல் பிக்’, பாடகனாகிய ஒரு பன்றியின் கதை. அடுத்த ஆண்டு வெளிவந்த ‘சில்வெஸ்டர் அண்ட் தி மேஜிக் பெபிள்’ 1970இல் கால்டிகாட் பதக்கம் பெற்றது. சிறந்த படநூல் ஓவியருக்கு அமெரிக்க நூலகச் சங்கம் அளிக்கும் பதக்கம் அது.

தாங்கள் வாங்கிய இரண்டில் இந்த நூல் இருக்கிறதா என்று எழுதவில்லை. இல்லையென்றால் அவசியம் வாங்குங்கள். கூழாங்கல் சேர்க்கும் பழக்கமுள்ள சில்வெஸ்டர் என்ற கழுதைக்குட்டிக்கு, மழைபெய்யும் ஒரு சனிக்கிழமையில், நெருப்புச் சிவப்பில் உருண்டையான ஒரு கல் கிடைக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எதை நினைத்தாலும் நடக்கிறது. பெற்றோரிடம் காட்ட ஓடிவரும் வழியில் குன்றின்மேல் ஒரு சிங்கம் எதிர்ப்படுகிறது. பதற்றத்தில், நான் ஒரு பாறையாக இருக்கக் கூடாதா என்று நினைத்துவிடுகிறான். பாறையாகிறான். மந்திரக்கல் அருகிலேயே கீழே விழுந்து கிடக்கிறது, ஆனால் அதை எடுக்கப் பாறைக்குக் கையில்லை. பெற்றோர் தேடுகிறார்கள், அயலாரிடம் விசாரிக்கிறார்கள், காவல் நிலையத்துக்குப் போகிறார்கள். ஊர் நாய்களெல்லாம் மோப்பம் பிடித்துக்கொண்டு வருகின்றன; பாறையையும் முகர்ந்து பார்க்கின்றன; அதில் சில்வெஸ்டரின் வாசனை இல்லை.

இதற்குப்பின் வரும் பக்கங்களைத்தான் தங்களைப் போன்ற ஓவியர் கூர்ந்து பார்க்க வேண்டும். பாறை அப்படியே இருக்கிறது. சுற்றிலும் இலை உதிர்கிறது, பனி மூடுகிறது, ஓர் ஓநாய் அதன்மேல் ஏறி உட்கார்ந்து பசியில் ஊளையிடுகிறது, பிறகு பூ பூக்கிறது. கேலிச்சித்திரம் என்பது ஒற்றைக் கட்டத்தில் காலத்தை நிறுத்திவைக்கும் கலை. வாயைத் திறந்தவன் திறந்தபடியே இருப்பான், வாழைப்பழத் தோலில் கால் வைத்தவன் விழவே மாட்டான், கட்டத்துக்குள் அடைபட்டவனுக்கு அடுத்த கணம் கிடையாது. இப்படிப்பட்ட கட்டங்களை முப்பத்தெட்டு ஆண்டு வரைந்த ஒருவர் பக்கம் புரட்டும் வசதி கையில் கிடைத்ததும் எழுதிய முதல் பெரும்படைப்பு, ஒரு கணத்தில் உறைந்துபோய், உள்ளே நினைவு மட்டும் ஓட, அடுத்த கணத்துக்காகக் காத்திருக்கும் ஓர் உயிரைப் பற்றியது. இதை நான் தற்செயலாகக் கருதவில்லை. கேலிச்சித்திரக்காரனின் கட்டமே அந்தப் பாறை என்பது என் வாசிப்பு. ஸ்டைக் தாமே சொன்ன காரணம் வேறு: சிறுவயதில் படித்த பினோக்கியோ, மரப்பாவையாக இருந்தவன் சதையும் இரத்தமுமான பிள்ளையாக ஏங்கியது, தம்மை ஆழமாகப் பாதித்ததென்றும், சில்வெஸ்டர் கல்லாகி மீண்டது அதன் விளைவாக இருக்கலாமென்றும் விருது ஏற்புரையில் குறிப்பிட்டார். நமக்கோ அகலிகை நினைவுக்கு வருவாள். ஆனால் அகலிகை கல்லானது சாபத்தால், மீண்டது இராமனின் திருவடித் துகளால். இங்கே சாபமும் இல்லை, தெய்வமும் இல்லை. மே மாதத்தில் ஒரு நாள், துக்கத்தை மறப்பதற்கென்று தந்தை வற்புறுத்தி மனைவியை அந்தக் குன்றுக்கு அழைத்துவருகிறார். தாய் வந்து அந்தப் பாறையின்மேலேயே உட்காருகிறாள். அவள் உடலின் சூட்டில் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவன் விழிக்கிறான். அம்மா, நான்தான் என்று கத்த நினைக்கிறான், குரல் வரவில்லை. தந்தை கீழே கிடந்த சிவப்புக் கல்லை எடுத்து, மகனுக்கு இது எவ்வளவு பிடித்திருக்கும் என்று பாறைமேல் வைக்கிறார். படிக்கும் குழந்தை இந்த இடத்தில் பக்கத்தைப் பிய்த்துவிடும்போல் இருக்கும்.

இதே நூலில்தான் தங்கள் எருமைக் காவலரின் முன்னோடிகளும் இருக்கிறார்கள். மகனைக் காணாத பெற்றோர் சென்று முறையிடும் காவலர்களை ஸ்டைக் சீருடை அணிந்த பன்றிகளாக வரைந்திருந்தார். அறுபதுகளின் இறுதியில் அமெரிக்க மாணவர் கிளர்ச்சிகளில் காவலரைப் பன்றி என்று ஏசுவது பரவலாக இருந்ததால், காவலர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. சில ஊர்களில் நூல் நூலக அடுக்குகளிலிருந்து எடுக்கப்பட்டது. ஆயினும் நூலைத் திறந்து பார்த்தால் அந்தப் பன்றிகள் பரிவோடு முறையீட்டைக் கேட்கும் நல்ல மனிதர்கள்தாம். அதைவிட முக்கியமானது, அந்த உலகில் எல்லாருமே விலங்குகள். கதாநாயகனே கழுதை, அவன் தாயும் தந்தையும் கழுதைகள். நாமெல்லாம் வசவாகப் பயன்படுத்தும் ஒரு பெயரை நாயகனுக்கே கொடுத்துவிட்டபின், காவலர் பன்றியாக இருப்பதில் தனி இழிவு என்ன இருக்கிறது?

தங்கள் படத்தில் நிலைமை அப்படியில்லை. பையோடும் அட்டையோடும் நிற்பவர்கள் அத்தனை பேரும் மனிதர்கள். எடை போடுபவர் மனிதர். காக்கை காக்கையாகவே இருக்கிறது. காவலர் ஒருவர் மட்டும் எருமை. அது குழந்தை நூலின் எருமை அன்று. வாரப் பத்திரிகையின் எருமை. பெரியவர்கள் பார்த்தவுடன் சிரிப்பார்கள், ஏனென்றால் காவலரைப் பற்றி அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு கருத்து இருக்கிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கு அந்தக் கருத்து இல்லை. இந்த ஒருவர் மட்டும் ஏன் எருமை என்று அது கேட்கும், அதற்குத் தங்கள் கதையில் பதில் இல்லை. பதிப்பாளர் பயத்தினால் சொல்லியிருந்தாலும், மாற்ற வேண்டிய இடத்தைச் சரியாகவே காட்டியிருக்கிறார். ஒன்று, வரிசை முழுவதையும் ஆடு, பூனை, பெருச்சாளி என்று ஆக்கி எருமையை எருமையாகவே விடுங்கள். அல்லது காவலரை மனிதராக்குங்கள். முதல் வழியை நான் விரும்புவேன். விசிலை வாயில் வைத்தபடி கண் செருகி நிற்கும் அந்த எருமை அவ்வளவு அழகாக வந்திருக்கிறது.

கேலி செய்தே பழகிய மனம் குழந்தைகளுக்கு ஏற்றதா என்ற தங்கள் கேள்விக்கும் இதிலேயே விடை தொடங்கிவிட்டது. கேலியைத் துறக்க வேண்டியதில்லை, அது நிற்கும் இடத்தை மாற்ற வேண்டும். ‘டாக்டர் டி சோட்டோ’ 1982இல் வந்தது. எலிகளான பல் மருத்துவரும் அவர் மனைவியும் பூனை முதலிய ஆபத்தான விலங்குகளுக்குச் சிகிச்சை இல்லை என்று பலகை வைத்திருக்கிறார்கள். பல்வலியில் அழும் நரி ஒன்று வாசலில் நிற்கிறது. மனம் இளகி உள்ளே விடுகிறார்கள். மயக்க மருந்தில் இருக்கும் நரி, எலியைப் பச்சையாக உப்புத் தொட்டுத் தின்னும் சுகத்தைப் பற்றி முணுமுணுக்கிறது. மறுநாள் அது புதுப் பல் கட்டிக்கொள்ள வரவேண்டும். வரவிடுவதா வேண்டாமா என்று கணவனும் மனைவியும் இரவெல்லாம் பேசுகிறார்கள். தொடங்கிய வேலையை முடிப்பது என் வழக்கம், என் அப்பாவும் அப்படித்தான் என்கிறார் டாக்டர். முடிவில் பல்லுக்கு மருந்து என்று சொல்லி நரியின் தாடைகளைப் பசைபோட்டு ஒட்டி அனுப்புகிறார்கள். நரியைப் பார்த்து நாம் சிரிக்கிறோம், ஆனால் அதன் பல்வலி பொய்யில்லை. டாக்டரின் தொழில் பெருமையைப் பார்த்தும் சிரிக்கிறோம், ஆனால் அவர் உயிரைப் பணயம் வைத்தே அந்தப் பெருமையைக் காக்கிறார். 1976இன் ‘தி அமேசிங் போன்’ நூலில் பன்றிக்குட்டியைத் தின்னப் பிடித்து வைத்திருக்கும் நரி, நான் இப்படி இருப்பதற்கு நான் என்ன செய்வேன், உலகத்தை நானா படைத்தேன் என்று கேட்கிறது. அரசியல்வாதியை வரையும்போது நாம் அவனுக்கு இந்த வாய்ப்பைத் தருவதில்லை, தரவும் கூடாது.

நீதியைப் பற்றி நான் இவ்வளவு பொறுமையாக இருக்க மாட்டேன். சில்வெஸ்டரின் கதை எப்படி முடிகிறது என்று பாருங்கள்: மந்திரக்கல்லைத் தந்தை ஓர் இரும்புப் பெட்டியில் பூட்டிவைக்கிறார், என்றாவது தேவைப்படலாம், இப்போதைக்கு அவர்களுக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்று கீழே ஒரு வரி சேர்க்க எந்தத் தமிழ்ப் பதிப்பாளருக்கும் கை துறுதுறுக்கும். சேர்த்தால் அந்த இரும்புப் பெட்டி செத்துவிடும். 1990இல் வந்த ‘ஷ்ரெக்!’ நூலில் நீதிக்கு இடமே இல்லை. 2001இன் படத்தில் இருப்பதுபோல் அழகு அகத்தில்தான் இருக்கிறது என்ற போதனையும் மூலத்தில் கிடையாது. பெற்றோர் உதைத்து வெளியே அனுப்பிய அந்தப் பூதத்துக்குத் தன் அசிங்கத்தில் அவ்வளவு பெருமை. அவனுக்கு வரும் ஒரே கெட்ட கனவு, பூந்தோட்டத்தில் குழந்தைகள் சூழ்ந்துகொண்டு அவனைக் கட்டிப்பிடித்து முத்தமிடுவதுதான். தன்னைப் போலவே கோரமான இளவரசியை மணந்து, எல்லாரையும் பயமுறுத்திக்கொண்டு சுகமாக வாழ்கிறான். 2001இன் திரைப்படம்தான் சிறந்த முழுநீள அனிமேஷன் படத்துக்கான முதல் ஆஸ்கரைப் பெற்றது. தங்கள் பேரனுக்கு மூலநூலைப் படித்துக் காட்டினால், எதில் அதிகம் சிரிக்கிறான் என்று எனக்கு எழுதுங்கள்.

தங்கள் காக்கை நாள்முழுதும் வரிசையில் நிற்கிறது, முறை வரும் நேரத்தில் ‘சரக்கு இல்லை’ என்ற பலகை விழுகிறது, கூட்டம் கலைந்தபின் அது தரையில் சிந்திக்கிடக்கும் அரிசியைக் கொத்துகிறது. அந்த அரிசி முதல் பக்கத்திலிருந்தே தரையில் கிடப்பதைத் தாங்கள் வரைந்திருக்கிறீர்கள். இரண்டாம் முறை படிக்கும் குழந்தை அதைக் கண்டுபிடித்துக் கூவும். இதற்குக் கீழே ‘பொறுமை கடலினும் பெரிது’ என்று போடச் சொல்கிறாராம் பதிப்பாளர்! பொறுமையாக நின்றதில் காக்கைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பதுதானே கதை?

நண்பர்களின் கேலிக்கு விடையாகச் சங்கர் பிள்ளையைச் சொல்லுங்கள். 1902இல் காயங்குளத்தில் பிறந்து, 1932 முதல் ‘இந்துஸ்தான் டைம்ஸ்’ இதழிலும், 1948 முதல் தம்முடைய ‘சங்கர்ஸ் வீக்லி’யிலும், வைசிராய்கள் தொடங்கி நேருவரை ஒருவரையும் விடாமல் வரைந்தவர். ஓ.வி. விஜயன், அபு ஆபிரகாம் போன்றவர்கள் அந்த இதழ் வழியாக வந்தவர்கள். அதை நடத்திக்கொண்டிருந்தபோதே, 1957இல், சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டை நிறுவினார். தாமும் குழந்தைகளுக்கு எழுதினார், வரைந்தார். ஒரு கேரளக் கிராமத்துத் தாத்தாவும் பேரனும் வரும் ‘லைஃப் வித் கிராண்ட்ஃபாதர்’ அவருடையதுதான். 1975இல் நெருக்கடி நிலை வந்தபோது, சர்வாதிகாரத்துக்குச் சிரிப்பு ஒத்துவராது என்ற கருத்துப்பட விடைபெறும் தலையங்கம் எழுதி வார இதழை மூடினார். குழந்தை நூல் வேலையை மூடவில்லை. இவரைப் பார்த்துக் காக்கா குருவி வரையப் போய்விட்டார் என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

தமிழில் ஏன் அப்படி ஒரு வரிசை உருவாகவில்லை என்பது தனியே எழுத வேண்டிய விஷயம். மாலியும் கோபுலுவும் இருந்த ஊர் இது. வடபழனியில் ‘அம்புலிமாமா’ அலுவலகத்தில் அமர்ந்து விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் வரைந்த சங்கர் (மேலே சொன்ன சங்கர் பிள்ளை வேறு) வாழ்ந்த ஊர். கோட்டுத் திறமைக்கு இங்கே என்றும் பஞ்சமில்லை. ஆனால் நம் பத்திரிகை உலகில் எழுதுபவர் ஒருவர், படம் போடுபவர் வேறொருவர் என்ற பிரிவு மிகவும் இறுகிப்போய்விட்டது. ஓவியர் கதையைப் பெற்றுக்கொண்டு, கொடுத்த இடத்தில், கொடுத்த நேரத்தில் வரைந்து தருபவராகவே பழகிவிட்டார். கேலிச்சித்திரக்காரர் ஒருவர்தான் இதற்கு விலக்கு. கருத்தும் வாசகமும் கோடும் அவருடையவையே. அதனாலேயே படநூலுக்கு மிகப் பொருத்தமானவர் அவர் என்று நினைக்கிறேன். நான்கு சொல்லில் முடிக்கத் தெரிந்தவர், படம் சொன்னதை வாசகத்தில் மறுபடி சொல்லக் கூடாது என்று அனுபவத்தில் கற்றவர். தங்கள் பக்கங்களில் இது தெரிகிறது, ஓரிடம் நீங்கலாக: காக்கை வெயிலில் அலகைத் திறந்து நிற்கும் படத்தின் கீழே ‘காக்கைக்குத் தாகம் எடுத்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

முதலில் எழுதுவதா, வரைவதா என்று கேட்டிருந்தீர்கள். ஸ்டைக் எழுதிவிட்டுத்தான் வரைந்தார். கதை எழுத வேண்டும் என்று முடிவுசெய்வார், நாயகன் பன்றியா எலியா என்று தம்மையே கேட்டுக்கொள்வார், பிறகு எழுத்து எங்கே இழுத்துச் செல்கிறதோ அங்கே போவார். எழுதுவது அவருக்கு மகிழ்ச்சி. அதற்குப் படம் போடுவது மட்டும் சலிப்பூட்டும் வேலை, ஏனென்றால் ஒரே முகத்தை, ஒரே சட்டையோடு, பக்கத்துக்குப் பக்கம் மாறாமல் கொண்டுவர வேண்டும். பென்சில் வரைவு இல்லாமல் நேரே மையில் இழுத்துப் பழகியவருக்கு அது கைவிலங்கு. தங்கள் காக்கையும் நடுப்பக்கங்களில் சற்றே பருத்து, கடைசியில் மறுபடி மெலிந்திருக்கிறது. வரிசையை விலங்குகளாக மாற்றி வரைவதாக இருந்தால், ஆட்டின் கொம்பு, பூனையின் பை, எருமையின் விசில், காக்கையின் அளவு எல்லாவற்றையும் முதலில் ஒரு தனித்தாளில் வரைந்து மேசைக்கு எதிரே ஒட்டிக்கொண்டு தொடங்குங்கள். நீதி வரியைத் தவிர மற்றதையெல்லாம் அந்தப் பதிப்பாளரோடு பேசித் தீர்க்கலாம் என்றே தோன்றுகிறது. அவர் அதில் பிடிவாதமாக இருந்தால், சென்னையில் படநூல் போடுகிறவர்கள் வேறு சிலரும் இருக்கிறார்கள். புதிய பக்கங்கள் முடிந்ததும் எழுதுங்கள், யாரிடம் கொண்டுபோகலாம் என்று சொல்கிறேன்.

அன்புடன்